கடைசி ஊசிகளைத் தோட்டத்திலேயே போடுங்கள்

மத்திய மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன்.

ஆனி மழையில் கொழுந்தெடுக்கப் போன அம்மாவுக்கு வலது கால் வீங்கிச் சிவந்தது. விரல் இடுக்குச் சேற்றுப்புண் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது, செல்லுலைட்டிஸ் என்றார் டொக்டர். சிவப்பு எதுவரை என்று கெண்டைக்காலைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டார்கள். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது, காய்ச்சலும் விட்டது. ஆனாலும் ஏழு நாள் வார்ட்டில்தான். குளொக்சசிலின் ஊசி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாம். நள்ளிரவிலும் எழுப்பிப் போட்டார்கள். ஏழு பேர், அதாவது ஏழு நாள் கூலி, போயிற்று. கணக்குப்பிள்ளையிடம் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் பேர் விழாதே!

மருந்தில் குற்றமில்லை, நல்ல மருந்துதான். ஆனால் செஃப்ட்ரையாக்சோன் போல நாளுக்கு ஒரு தடவை போதுமான மருந்துகளும் உண்டு. மெல்பேர்ணில் செல்லுலைட்டிஸ் வந்த பிள்ளைகளுக்கு அதை வீட்டிலேயே போட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2019இல் வந்த முடிவில் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் பெரியவர்களிடம் செய்த ஆய்வும் 2005இல் அதையே சொன்னது. எல்லோருக்கும் அந்த வலுவான மருந்தைக் கொட்டவும் வேண்டாம், கிருமி பழகிவிடும். தேறி வருகிறவருக்கு மாத்திரைக்கு மாற்றினாலே பல சமயம் போதும்.

வீடு என்று நாங்கள் இருக்கும் லயத்தை, அந்த வரிசை அறைகளைச் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதற்குள்ளேயே அடுப்புப் புகை; அங்கே நரம்பில் ஊசிக்குழாயோடு யாரையும் விடாதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியைத்தான் சொல்கிறேன். ஒவ்வாமை வருமோ என்று பார்க்க முதல் ஊசி ஆஸ்பத்திரியிலேயே போடட்டும். மிச்சத்தை, பயிற்சி பெற்ற தாதி ஒருவர் தினம் காலையில் டிஸ்பென்சரிக்கு வந்து போட்டு, குழாய் செருகிய இடத்தையும் கோட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். அம்மா காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பார். ஓட்டோவுக்கு நாங்கள் தினமும் அழவும் தேவையில்லை.

சீனி வியாதி கட்டுக்கடங்காதவரையும் இரத்த அழுத்தம் இறங்கியவரையும் இப்படி அனுப்பக் கூடாது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் தாங்க முடியாத வலி என்கிறவரையும்தான். உள்ளே சதை அழுகும் நோயாக இருக்கலாம்.

இன்னொன்று: சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே 1990 அம்புலன்சுக்கு அழைக்கச் சொல்லும் துண்டொன்றைத் தமிழில் தாருங்கள். அம்மாவுக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில். மருந்துப் பெயர் தவிர வேறொன்றும் எனக்கே விளங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் மகள்