பிக்கப்புக்கே பிக்கப் இல்லையாமே!

மாப்ளே,

"டர்போ போயிருச்சாம் மாமா, மாத்தியே ஆகணுமாம்" என்று உன் பிக்கப் வண்டியைப் பற்றி ஷெட்காரர் சொன்னதாக நேற்று ராத்திரி நீ சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டர்போ என்றால் இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி அனுப்புகிற விசிறிதானே. இரண்டு மாசத் தவணைப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன்னைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்னதையே திரும்ப யோசி. சமவெளியில் நன்றாகத்தான் ஓடுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி, கோழி எரு லோடோடு கோத்தகிரி ரோட்டில் ஏறும்போதுதான் இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பாதி விடை அந்தப் புகையிலேயே இருக்கிறது. டீசல் போதுமான அளவு வருகிறது, அதை எரிக்கக் காற்றுதான் பத்தவில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் புகையே இல்லாமல் வண்டி சோர்ந்திருக்கும். உன்னுடையது 2018 மாடல், பி.எஸ்.4 என்கிற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது, அதனால் புகையை நம்பலாம். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கரியைப் பிடிக்க சைலன்சர் வழியிலேயே டி.பி.எஃப் வடிகட்டி உண்டு. அதில் புகையை வைத்துக் கணிப்பது கஷ்டம், அந்த வடிகட்டி அடைத்தாலே இழுவை போய்விடும்.

ஷெட்டில் கோளாறு பார்க்கிற ஸ்கேனரில் பி0299 என்ற கோடு வந்ததாம். அதற்கு அர்த்தம், கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான். டர்போவை மாற்று என்று அதில் எங்கே இருக்கிறது?

மூணு வருஷம் முன்னாடி எனக்கும் இதே கூத்து. ஏர் ஃபில்டர் மாற்றினேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். அடுத்தது டர்போ என்றார்கள். ஒரு நாள் சும்மா துணியை வைத்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸைத் துடைத்தேன். அடிப்பக்கம், கிளிப்புக்கு ஒட்டினாற்போல, ஆயில் கசிந்து புழுதி அப்பியிருந்தது. ஹோஸைக் கையால் வளைத்தேன். நக அளவு விரிசல் ஒன்று மீன் வாய் போலத் திறந்தது! விட்டால் மூடிக்கொண்டது.

ஷெட்டில் யாருக்கும் அது ஏன் சிக்கவில்லை தெரியுமா? நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் டர்போ முழு அழுத்தம் கட்டாது. லோடு ஏற்றி மேட்டில் மிதிக்கும்போதுதான் காற்று முட்டித் தள்ளி விரிசலைத் திறக்கும். ஷெட்டில் வண்டி யோக்கியன் மாதிரி நிற்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு வரை குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் டர்போ. அது அமுக்கி அனுப்புகிற காற்று வழியிலேயே ஓடிப்போனால் என்ன செய்யும் பாவம்?

அதனால் ஹோஸில் ஆரம்பி. கண்ணில் படவில்லையென்றால், டர்போவுக்குக் காற்று போகிற வாயை மூடி போட்டு அடைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 15 பி.எஸ்.ஐ-க்கு மேல் போகாமல் காற்று விட்டு, மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளி. நுரை கட்டுகிற இடம்தான் ஓட்டை. அடுத்து, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆக்சுவேட்டருக்குப் போகிற மெல்லிய வாக்குவம் டியூபைப் பார். அதில் பல்லி கடித்த மாதிரி ஒரு கீறல் போதும், ஆக்சுவேட்டர் கம்பி அசையாது.

இதெல்லாம் சரி என்றால்தான் டர்போவைத் தொட வேண்டும். இன்ஜின் ஆறியதும் ஹோஸைக் கழற்றி, டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டு. பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உரசிய தடம் இருந்தாலோ ஷெட்காரர் சொன்னது சரி. அப்படியே இருந்தாலும், ஆயில் வருகிற குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதுசைப் பொருத்த விடாதே. டர்போ பெரும்பாலும் சாவது ஆயில் பட்டினியில்தான்.

நாளைக் காலை டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. ஒன்றும் புரியவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே ஓட்டிக்கொண்டு வா. ஆனால் எருவை இறக்கி, கழுவிவிட்டு வா. போன தடவை வாசலில் நிறுத்திவிட்டுப் போனாயே, அந்த நாற்றத்தை உன் அத்தை இன்னும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
மாமா