சிம் தரும்போதே தடுத்துத் தாருங்கள்

தொலைத்தொடர்புத் துறைக்கும் செல்போன் சேவை நிறுவனங்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமல் பார்ப்பது பெற்றோர் பொறுப்பு என்று எத்தனை காலம்தான் சொல்வீர்கள்? ஐந்தாவது படிக்கும் என் அக்கா மகள் வீட்டுப்பாடத்துக்குப் பறவைப் படம் தேடியபோது, எதையோ தொட்டதும் வேறொரு பக்கம் திறந்து ஆபாச வீடியோ ஓடியிருக்கிறது. பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். சேவை மையத்தில் கேட்டால், "நீங்கதான் கவனிச்சுக்கணும்" என்கிறார்கள்.

அக்காவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்து வர இரவாகிவிடும். வீட்டுப்பாடம் மாலையிலேயே பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுவதால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். கூட இருப்பது எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டி. பிள்ளையின் போனில் எதைப் பார்க்கலாம் என்று பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி இருக்கிறதே என்பீர்கள். அது பிள்ளைக்கு ஒரு போன், பெற்றோருக்கு ஒரு போன் என்று இருக்கும் வீடுகளுக்கானது. ஒரே போனை மூன்று பேர் மாற்றி மாற்றி எடுக்கும் வீட்டில் அதை எங்கே போடுவது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். சிம் தரும்போதே ஆபாசத் தளங்களைத் தடுத்துத் தாருங்கள், வேண்டுமென்கிற பெரியவர்கள் வயதைக் காட்டித் திறந்துகொள்ளட்டும். பிரிட்டனில் செல்போன் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கின்றன. அடையாளச் சான்று இல்லாமல் சிம்மே தராத உங்களுக்கு வயது பார்ப்பது என்ன பெரிய வேலை?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018-இல் 827 ஆபாசத் தளங்களை முடக்கினீர்கள், சரி, வேறு முகவரிகளில் திரும்பி வந்தபோது என்ன செய்தீர்கள்? அதே ஆண்டு ரஜினியின் 2.0 படம் திருட்டுத்தனமாக வெளிவராமல் இருக்க, 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முன்கூட்டியே முடக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு படத்தின் வசூலுக்கு இருக்கும் காவல் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாமா? விபிஎன் என்ற செயலியைப் போட்டுத் தடையைத் தாண்டிவிடுவார்கள் என்பீர்கள். தேடிப்போகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை, பறவையைத் தேடிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றினீர்கள், முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம், இன்னமும் கட்டுகிறோம், அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக்கென்று இந்த ஒரு வசதியைக்கூடவா செய்து தர முடியாது?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து புது சிம்களிலாவது இந்தத் தடையைப் போட்டே கொடுங்கள். பழைய எண்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே தடை விழும்படி செய்து, அதை எப்படி அனுப்புவது என்று தமிழில் சொல்லுங்கள்.