கூடாரத்தைக் குத்தகைக்கு விடலாம், தலைக்கணக்கை விடக்கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ கூடார முகாம் என்று பேச்செடுத்தாலே, வனத்துறை நடத்துவதா, தனியாருக்கு விடுவதா என்ற சண்டையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைக்கு ஏலம் போனால், எடுத்தவர் போட்ட பணத்தைச் சனி, ஞாயிறுகளில்தான் எடுத்தாக வேண்டும். 20 கூடாரத்துக்கு அனுமதி உள்ள இடத்தில் 35 முளைக்கும். கூடாரத்துக்கு 3 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று சிக்கனமாகப் போட்டாலும் 2,700 லிட்டர் தேவை 4,725 ஆகிவிடும். தண்ணீரை டேங்கரில் ஏற்றிவிடலாம். கழிவுநீரை என்ன செய்வது? செப்டிக் டேங்கில் ஒரு நாளாவது தண்ணீர் தங்கினால்தான் கசடு அடியில் படியும். வரத்து கூடினால் கசடு படியாமல் உறிஞ்சுகுழிக்கே போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நம் மலைகளில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். ஐப்பசி மழையில் குழி வழிந்தால் அடுத்து ஓடைதான். ஆகவே உறிஞ்சுகுழியே வேண்டாம். கசியாத மூடிய தொட்டியும், கழிவுநீர் லாரி பக்கத்தில் வந்து நிற்க இடமும் வேண்டும். அழகு கெடக்கூடாது என்று கழிப்பறையைச் சரிவின் அடியில் கட்டிவிடுகிறார்கள். அவ்வளவு பள்ளத்திலிருந்து லாரி மோட்டார் இழுக்காது.

துறையே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் அடைக்கும் மிதவை வால்வு (பால் வால்வு) ஒன்று போனால் அதை மாற்ற மதிப்பீடு, ஒப்புதல், பில். அதற்குள் இரவெல்லாம் தண்ணீர் வழிந்து விடியும்போது தொட்டி காலி. வனக்காப்பாளருக்குச் சரகத்தில் ரோந்து இருக்கிறது, கோடையில் காட்டுத்தீ இருக்கிறது. சனிக்கிழமை இரவு ரசீது போட அவரை எங்கே தேடுவது?

அமெரிக்காவில் தேசியப் பூங்கா முகாம்களில் பெரும்பாலானவற்றைப் பூங்காத் துறையே நடத்துகிறது. அங்குள்ள வனத்துறையோ பல முகாம்களை நிறுவனங்களிடம் விட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, குத்தகைதாரர் தான் கட்ட வேண்டிய தொகையிலிருந்து அதே முகாமின் பழுதுவேலைக்குச் செலவிட்டுக் கழித்துக்கொள்ள வழியுண்டு. இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாடமும் ஒன்று உண்டு. யோசெமிட்டி பூங்காவில் ஒப்பந்தம் கைமாறியபோது, விடுதிகளின் பெயர்கள் தனக்குச் சொந்தம் என்று பழைய நிறுவனம் வழக்காடியது. 2016இல் பெயர்ப்பலகைகளை மாற்ற வேண்டி வந்தது. 2019இல் சமரசம் ஆன பிறகே பழைய பெயர்கள் திரும்பின. முகாமின் பெயரும் முன்பதிவு இணையதளமும் துறையின் பேரிலேயே இருக்கட்டும்.

மொத்தத் தொகை ஏலத்தை விட்டுவிட்டு ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். கிராம வனக்குழுவுக்கு முதல் உரிமை தாருங்கள். காலம் 3 ஆண்டாவது இருக்க வேண்டும். 11 மாதத்தில் கிளம்புகிறவர் எதற்குக் குழாய் மாற்றுவார்? ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் போட்ட மண்மேடை இருந்தால், மேடை இல்லாத கூடாரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். தலைகளைச் சோதனைச்சாவடியில் வனத்துறை ஆட்களே எண்ண வேண்டும். பணம் வாங்குகிறவர் கையில் அந்தக் கணக்கு நோட்டு போகவே கூடாது. கழிவுநீர் லாரி ரசீதையும் குப்பை எடைச் சீட்டையும் காட்டினால்தான் டெபாசிட் திரும்பும் என்று எழுதிவிடுங்கள்.

2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகும் தீயைக் குத்தகைதாரர் பொறுப்பில் விடுவது தகாது. மாசி முதல் வைகாசி வரை கேம்ப் ஃபயர் அறவே கூடாது. மற்ற மாதங்களில் கால் வைத்த இரும்புச் சட்டியில், வெளியிலிருந்து கொண்டுவந்த கரியில் மட்டும். தரையில் மூட்டிய நெருப்பு காய்ந்த வேரில் உள்ளுக்குள் கனன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு எழும்.

விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அந்த மலையில் முகாமுக்கு ஃப்ளட் லைட் போட்டால் வெளிச்சம் வானத்தில் பரவி, மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும். மேல்பக்கம் மூடிய மஞ்சள் விளக்கு, இரவு 10 மணிக்கு மேல் அதுவும் கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்