954.82-க்கும் 954.83-க்கும் நடுவே

ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்ட வரலாற்றை எழுதியவர்களைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பேராசிரியர்களுக்கெல்லாம் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, எங்கள் கல்லூரி நூலகருக்கு மட்டும் பாதி வரி: ‘ஓய்வு நேரத்தில் உள்ளூர் வரலாறும் எழுதினார்.’ அவருடைய பெயராவது வந்ததே, சரி. ஆனால் அந்த ‘ஓய்வு நேரத்தில்’ எனக்கு உறுத்துகிறது.

அவருக்கு நூலக வேலையே வரலாற்று வேலைதான். நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83. இன்றைய குமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய நம் கதை முழுவதும் திருவிதாங்கூர்ப் புத்தகங்களுக்குள், அதாவது கேரள எண்ணுக்குள், கிடக்கிறது. விதிப்படி அடுக்கினால் பத்மநாபபுரம் ஓர் அலமாரியிலும் சுசீந்திரம் இன்னோர் அலமாரியிலும் போய் உட்காரும். சார் இரண்டையும் தன் மேசைக்குப் பின்னாலிருந்த ஒரே அலமாரியில் வைத்தார். ஆண்டுதோறும் புத்தக இருப்பைச் சரிபார்க்க வருகிறவர்களுக்கு அதற்காக விளக்கமும் எழுதிக் கொடுப்பார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது ஒரு நிலப் பத்திரத்தால். வீட்டுப் பெட்டியில் 1099 என்று ஆண்டு போட்ட தாள் ஒன்று கிடைத்தது. சோழர் காலத்துச் சொத்து என்று குதித்துக்கொண்டு ஓடினேன். பதினெட்டு வயதுப் புத்தி! கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “மக்கா, குலோத்துங்கன் காலத்துல உங்க தாத்தா சர்வே நம்பர் போட்டா நிலம் வாங்கினாரு?” தாளில் இருந்தது திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறக்கிறது. அன்றிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், அப்புறம் 825. அந்தப் பத்திரம் பங்குனி மாதத்தது, ஆகவே 1924. அன்றைக்குப் படித்த கணக்கு இன்றுவரை மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து எங்களைச் சிதறால் மலைக்கோ பார்த்திவபுரத்துக்கோ கூட்டிப்போவார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் கோயில் கட்டி, 95 பேர் தங்கிப் படிக்கக் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தின் வழக்கப்படி ஒரு கல்விச்சாலையும் ஏற்படுத்தியதைச் செப்பேடு சொல்கிறது. கோயில் வாசலில் நின்றுகொண்டு, “தொண்ணூற்றஞ்சு பேருக்குச் சோறு போட எத்தனை கோட்டை நெல்லு வேணும், சொல்லு பாப்போம்” என்பார். மன்னர் பட்டியலை ஒருநாளும் அவர் ஒப்பிக்கச் சொன்னதில்லை.

வரலாற்றில் பட்டம் இல்லாதவர் என்ற இளக்காரம் உங்கள் கட்டுரையில் லேசாகத் தெரிகிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்து வெளியே கொண்டுவந்த கவிமணி எந்த வரலாற்றுத் துறையில் இருந்தார்?

இனி வயிற்றெரிச்சல். சாரின் கைப்பிரதிகளெல்லாம் நூலக அட்டைகளின் பின்பக்கத்தில் இருந்தன. பட்டியல் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கழித்த அட்டைகளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பக்கம் ஏதோ ஒரு பொருளாதாரப் பாடநூலின் பெயர். பின்பக்கம் ஒரு குளம், அதன் மடை, கரைக்கல்லில் உள்ள எழுத்து, சொன்ன கிழவரின் வயது. ஊர்ப்பெயரின் அகர வரிசைப்படி டிராயர் டிராயராக அடுக்கியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அறையைக் காலி செய்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்விட்டது. சாரிடம் விஷயத்தைச் சொன்னபோது, எடை எவ்வளவு வந்தது என்று மட்டும் கேட்டாராம்.

இரண்டு டிராயர் தப்பியது நூலக அட்டெண்டர் அக்காவால். தள்ளுவண்டியில் ஏற்றும்போது, “இது சார் எழுத்துல்லா” என்று பிடுங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். போன மாதம் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், மரச்சீனி மாவு டின்னுக்குப் பக்கத்தில், கரையான் ஏறாமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். கல்குளம் முதல் கோட்டாறு வரை இருக்கிறது. அவற்றைப் படமெடுத்துப் பாதுகாக்க முன்வருபவர்கள் இதழுக்கு எழுதினால் நான் அழைத்துப்போகிறேன். கட்டுரையின் அந்தப் பாதி வரியையும் திருத்திப் போடுங்கள்.

என் ஊரைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்த எழுத்துக்கான டிராயர் எடைக்குப் போனவற்றில் ஒன்று.

இப்படிக்கு,
பழைய மாணவன்,
தக்கலை