ஆயில் ஒழுகுகிறது என்பதற்காக விற்றுவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம். நடுவில் வந்த ஒரு வரிதான் மனதை உறுத்தியது. வேனுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது, பட்டறையில் இன்ஜினை முழுசாகப் பிரிக்கணும் என்கிறார்கள், பேசாமல் விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. முதலில் இன்ஜினைக் கழுவு.

கழுவாத இன்ஜினைப் பார்த்து எங்கிருந்து ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உன் வோக்ஸ்வாகன் டைப் 2-இல் இன்ஜின் பின்னால் இருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலை இழுத்துப்போய் அடிப்பக்கம் முழுக்கப் பூசிவிடும். தரையில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகல் என்று நினைத்தால் ஆயில் கசியாமல் அடைக்கும் வளையங்களில் (சீல்) நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவிடுவோம். கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் தண்ணீர் படாமல் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. நன்றாகக் காய்ந்ததும் அடிப்பக்கத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிடு. இன்ஜின் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார். பவுடர் முதலில் கறுக்கும் இடம், ஈரத்திலேயே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் இடம், அதுதான் நீ தேடுவது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்டு வைத்துக்கொள்.

உன்னுடையது 1600 சிசி இன்ஜின். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அவற்றுக்கு அடியில் பக்கத்துக்கு நாலாக 8 குழாய்கள், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகள் (புஷ் ராடு) போவது அவற்றுக்குள்தான். சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கு வரும் ஆயில் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் கீழே திரும்புகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனையிலும் ரப்பர் சீல், ஆக மொத்தம் 16. சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் வெந்த ரப்பர் எப்படி இருக்கும்? நகத்தால் அழுத்திப் பார். புது சீல் உள்வாங்கித் திரும்பும். பழையது கெட்டியாக நின்று, ஓரத்தில் மெல்லிய வெடிப்பைக் காட்டும். இந்தக் குழாய்தான் ஒழுகுகிறது என்று உறுதியானால், இரண்டு துண்டாக வரும், நீட்டிச் சுருக்கக்கூடிய குழாய்கள் கிடைக்கின்றன. வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்மையும் புஷ் ராடையும் எடுத்துவிட்டு, ஹெட்டைக் கழற்றாமலே மாட்டிவிடலாம். பழைய குழாயையே திரும்பப் போடுவதென்றால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். அப்போது மாட்டுவதற்கு முன் அதன் நெளிவுகளை இழுத்து 190 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொண்டு வா. நீளம் குறைந்தால் புது சீலும் பிடிக்காது.

வால்வ் கவரில் ஒழுகினால் கார்க் பேக்கிங்கை மாற்று. கவர் பக்கம் மட்டும் ஒட்டு, ஹெட் பக்கம் லேசாக கிரீஸ் போதும். கவரைத் திறந்த கையோடு டேப்பட்டையும், அதாவது ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், பார்த்துவிடு. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.15 மில்லிமீட்டர். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வில் அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், அது ஆயில் ஒழுகலைவிடப் பெரிய சேதி. வால்வ் தண்டு நீள்கிறது, அல்லது வால்வ் அது உட்காரும் சீட்டிங்குக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடியில் இருக்கும் ஆயில் சல்லடைத் தகட்டை 6 சின்ன நட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. கசிகிறதே என்று பலம் கொண்ட மட்டும் முறுக்குபவர்கள் நிறைய. 7 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் தகடு வளையும், இல்லையென்றால் மெக்னீசியக் கலவையால் ஆன இன்ஜின் உடம்பிலிருந்து, நட்டு மாட்டும் கம்பி (ஸ்டட்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு புது பேப்பர் பேக்கிங், புது செம்பு வாஷர்கள். கசிவு நிற்கட்டும் என்று சிலிக்கான் பசையைப் பிதுக்காதே. உள்பக்கம் பிதுங்கியது உடைந்து விழுந்து சல்லடையை அடைக்கும். அந்தச் சல்லடையைத் தவிர இந்த இன்ஜினுக்கு வேறு ஆயில் ஃபில்டர் கிடையாது. மொத்த ஆயிலே 2.5 லிட்டர்தான், அதே ஆயில்தான் இன்ஜினைக் குளிர வைப்பதிலும் கைகொடுக்கிறது. அதனால் தினமும் டிப் ஸ்டிக்கைப் பார். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயிலை மாற்று.

பட்டறைக்காரர் சொன்னது, கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் பக்கத்துச் சீலை வைத்தாக இருக்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் ஒரு துளியை விரலில் எடுத்து முகர்ந்து பார். கியர் ஆயிலில் கந்தக நெடி அடிக்கும், பிசுபிசுப்பும் அதிகம். அப்படி இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். இன்ஜின் ஆயில் என்றால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நாலே போல்ட். இறக்கிய பிறகு புது சீலைப் போட்டு மூடிவிடாமல், கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகரும் அளவை (எண்ட் பிளே) டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்து அளக்கச் சொல். 0.07 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கிராங்க் முன்னும் பின்னும் ஆடி எந்தப் புது சீலையும் தின்றுவிடும்.

எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் கசிகிறதா? அப்படியென்றால் சீலைக் குறை சொல்லாதே. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் அடைத்திருக்கலாம், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். முதல் இரண்டும் காசில்லாத வேலை. மூன்றாவதை, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், நீங்கள் அந்த வண்டிக்குள் தூங்குகிறீர்கள். ஹீட்டர் போட்டதும் எண்ணெய் புகை நாற்றம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஃபேன் காற்று சைலன்சர் குழாயைச் சுற்றிச் சூடாகித்தான் உள்ளே வருகிறது. ஹீட்டர் பாக்ஸ் மேல் ஆயில் சொட்டினால் புகை நாற்றம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாயே துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஓட்டை இல்லை என்று பார்க்கும் வரை ஹீட்டரைத் தொடாதே. ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிப் படுக்கைப் பக்கத்தில் மாட்டு. பெட்ரோல் ஹோஸ்களையும் இந்த வாரமே பார். மேலே துணி பின்னியிருக்கும் பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே விண்டிருக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாக, கிளிப்போடு மாற்று. ஆயில் படிந்த இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெக்னீசியம் பற்றிக்கொண்டால் அணைப்பதும் கஷ்டம். தீயணைப்பான் ஒன்று டிரைவர் சீட் பக்கத்தில் இருக்கட்டும்.

சாமான் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. 1950-இல் ஜெர்மனியில் ஆரம்பித்த இந்த வண்டி பிரேசிலில் 2013 வரை வந்துகொண்டிருந்தது. இதே குடும்பத்து இன்ஜினோடு 2 கோடிக்கும் அதிகமான பீட்டில் கார்கள் ஓடியிருக்கின்றன. இந்தச் சீல்களையெல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தி வைக்காதே. நின்றால் சீல் காயும். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷத்தில் அணைப்பதும் கெடுதல்தான், ஆயிலில் தண்ணீர் சேரும். சூடேறும் வரை ஓட்டிவிட்டு நிறுத்து.

என் பக்கச் சேதி: கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது வண்டிக்கு அடியில் இருக்கும் ஈரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது, அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! வீட்டில் எல்லாரும் நலம், உன்னை விசாரித்தார்கள்.

கழுவி ஓட்டிப் பார்த்ததும், ஈரம் முதலில் எங்கே தெரிந்தது, விரலில் எடுத்தது எந்த ஆயில் என்று எழுது. இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் கிளம்பி வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே இறக்கிவிடலாம். டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது, வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்