கியூ இடைநிலையின் வடிவம் குறித்து

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மகள் உயிர்க்கனிம வேதியியலில் (உயிர்களில் உலோகங்கள் செய்யும் வேலையை ஆராயும் துறை) ஆய்வு மாணவியாகச் சேர்ந்த செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாவின் ஒரே நொதியில் இத்தனை ஆண்டுகளாக ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வுக்குப் பிறகும் அந்த நொதி பற்றிய விவாதத்தை விடாமல் படித்து வருபவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செப்பு போதிய அளவு கிடைக்காதபோது இந்த நுண்ணுயிர்களில் சில, கரையும் வகை மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்ற அந்த நொதியை உருவாக்குகின்றன. அதன் வினைமையத்தில் உள்ள இரண்டு இரும்பு அணுக்களை நொதியின் அமினோ அமிலங்களான நான்கு குளுட்டமேட்டுகளும் இரண்டு ஹிஸ்டிடின்களும் பிடித்திருக்கின்றன. மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் தேவை. அந்தக் கடினமான வேலையை முடிப்பது 'கியூ' எனப்படும் மஞ்சள் நிற இடைநிலை, அதாவது வினையின் நடுவே நொதி சிறிது நேரம் எடுக்கும் வடிவம். அது கணப்பொழுதில் மறைந்துவிடுவதால், பெரும்பாலும் வினையை நடுவிலேயே உறையவைத்துத்தான் அளக்கிறார்கள்.

இரும்பு-57இன் அணுக்கரு காமா கதிரை உட்கவர்வதை அளக்கும் மோஸ்பவர் நிறமாலையியல் இதில் பெருந்துணை. இயற்கை இரும்பில் இரும்பு-57 சுமார் 2 விழுக்காடே என்பதால், அந்த ஐசோடோப்பு செறிந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலை உயர உயரப் பொதுவாகக் குறையும் அளவான ஐசோமர் பெயர்ச்சி, ஓய்வுநிலை நொதியில் விநாடிக்கு ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர், கியூவில் அது 0.17 அளவுக்கு இறங்குகிறது. இரு இரும்புகளும் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ளன என்ற முடிவு 1993இல் இப்படித்தான் கிடைத்தது. அதை இன்றுவரை எவரும் அசைக்கவில்லை.

சண்டை முழுவதும் வடிவத்தைப் பற்றியதே. 1997இல் எக்ஸ்-கதிர் உட்கவர்தல் ஆய்வு இரும்புகளுக்கு இடையே 2.46 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவைக் காட்டியது. இரண்டு ஆக்சிஜன் பாலங்கள் சேர்ந்த சாய்சதுர மையம் என்ற கருத்து அதன்மேல் எழுந்தது. 2015இல் ஆக்சிஜன்-18 கொண்டு, ஒளிச்சிதறல் வழியே பிணைப்புகளின் அதிர்வை அளந்த ஒத்திசைவு ராமன் ஆய்வும் அதையே ஆதரித்தது. ஆனால், 2018இல் உயர் ஆற்றல் பகுதிறன் கொண்ட எக்ஸ்-கதிர் அளவீடு 3.4 ஆங்ஸ்ட்ராம் என்று கூறி, இரும்புகள் விலகி நிற்கும் திறந்த மையத்தை முன்வைத்ததோடு, பழைய குறுந்தொலைவு கருவியமைப்பிலிருந்த உலோக இரும்பின் சிதறலால் வந்திருக்கலாம் என்றும் சுட்டியது. நொதியின் இரும்பைத் தேடப் போய்க் கருவியின் இரும்பைக் கண்டார்கள் என்பது உண்மையானால், வேடிக்கையும் வேதனையும் கலந்த கதைதான்!

தொலைவைப் பொறுத்தவரை என் மனம் புதிய அளவீட்டின் பக்கமே சாய்கிறது. ஆயினும் ராமன் முடிவை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அது கரைசலில் வினை நடக்கும்போதே எடுக்கப்பட்டது, எக்ஸ்-கதிர் மாதிரிகளோ உறைந்தவை. உறைந்த மாதிரியில் கியூவுடன் பிற நிலைகளும் கலந்தே இருக்கும். ஆகவே எந்த நிறமாலையைப் படித்தாலும், அந்த மாதிரியில் கியூ எத்தனை பங்கு என்பதை மோஸ்பவர் வழியே உறுதிசெய்தார்களா என்று முதலில் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அவள் ஆய்வுக்கூடத்தில் எந்த அளவீட்டைக் கையாளப் போகிறாள் என்பதை அடுத்த மடலில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்