பத்து வெள்ளி போட்டவருக்கும் கணக்குச் சொல்லுங்கள்

கோலாலம்பூரில் நடந்த அறநிதி திரட்டும் மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதில் கலந்துகொண்ட சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மாநாட்டில் நானும் இருந்தேன். காலையில் பதிவு மேசையில் பெயர் அட்டை எடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்கு மேல் பின்வரிசையில் உட்கார்ந்து உரைகளைக் கேட்டேன். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஒரு சிறிய சங்கத்தில் தொண்டூழியம் செய்கிறேன். வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் உண்டியலோடு நிற்பவர்களில் நானும் ஒருவன்.

தொண்டூழியர்களையும் உள்ளே உட்கார வைத்ததற்கு முதலில் நன்றி. தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அன்றுதான் எங்களில் பலர் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இனி யார் வந்து "நீங்கள் யார், எந்தச் சங்கம்?" என்று கேட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நகலைக் காட்டிப் பேசலாம். அந்த ஒரு அங்கத்துக்காகவே வந்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மீதி நேரமெல்லாம் பெரிய கொடையாளர்களைப் பற்றியே பேசினோம். நிறுவனங்களை எப்படி அணுகுவது, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் வாங்குவது எப்படி, கொடுப்பவருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கிடைக்கும் என்பதை எப்படி எடுத்துச் சொல்வது... எல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உண்டியலில் காசு போடுகிறவர்களில் பலர் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்காதவர்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கும் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநருக்கும் வரிக்கழிவு ரசீது எதற்கு? தான் கொடுத்த காசு என்ன ஆனது என்ற சேதி ஒன்றைத்தான் நாம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். அந்தச் சேதியைப் பற்றி மேடையில் யாருமே பேசவில்லை.

செந்தூல் சந்தையில் ஓர் அக்கா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எடுத்தார். உடனே போட்டுவிடவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, போன வருஷமும் போட்டேன். அந்தக் காசுல யாருக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சங்கத்தில் யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை. அவர் காசைப் போட்டுவிட்டுத்தான் போனார். அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

பதில் சொல்ல முடியாத கேள்வியா அது? ரத்தச் சுத்திகரிப்புக்கு ஒரு நோயாளி வாரத்துக்கு 3 முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். அந்த நாள்களில் வேலைக்குப் போவதும் கஷ்டம். போக வர வண்டிச் செலவே மாதக் கடைசியில் பெரிய தொகையாகிவிடும். "உங்கள் காசு இத்தனை பேருடைய வண்டிச் செலவுக்குப் போனது அக்கா" என்று ஒரு வரி சொல்ல முடிந்திருந்தால் போதும்.

நம்மவர்கள் நிதி திரட்டிய வரலாறு தெரியாத சமூகமும் இல்லை நாம். ரப்பர் தோட்டங்களை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவும் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அது அறநிதி இல்லை, கூட்டுறவுதான். ஆனாலும் பத்து வெள்ளி கொடுத்தவருக்குத் தன் பெயரில் பங்கு இருந்தது, கூட்டத்தில் எழுந்து கேட்க உரிமை இருந்தது. இன்று உண்டியலில் போடுகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பதாலேயே நாம்தான் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்.

தேநீர் இடைவேளையில் ஒரு பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். "வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் வெளியே போட்டால் மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. மாதா மாதம் வாடகை கட்டுகிறவர்களுக்கு, சங்கத்துக்கும் வாடகை உண்டு என்பது தெரியாதா? மறைக்கிறார்கள் என்று தோன்றினால்தான் கை பின்வாங்கும்.

நான் கேட்பது பெரிய வேலையும் இல்லை. பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும். ஆக, கணக்கு ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு தாள் எடுங்கள்: எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது, கையில் எவ்வளவு மிச்சம். தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, காசு வாங்கிய இடத்திலேயே ஒட்டுங்கள், கோயில் அறிவிப்புப் பலகையானாலும் சரி, ஒட்டுக்கடைச் சுவரானாலும் சரி. தொண்டூழியர் உண்டியலைத் தூக்கும் முன் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். உண்டியலைத் திறக்கும்போது இரண்டு பேராவது இருந்து, எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். கியூஆர் குறியீட்டில் வரும் பணத்துக்கும் இதே கணக்கு வேண்டும். அதில் கொடுப்பவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை.

ஏற்பாட்டுக் குழுவினருக்கு இன்னொன்று. அடுத்த மாநாட்டில் தொண்டூழியர்கள் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அங்கம் தமிழிலும் மலாயிலும் நடக்கட்டும். இந்த முறை எல்லாமே ஆங்கிலத்தில் ஓடியதால், என்னோடு வந்த மூத்த தொண்டூழியர் இருவர் மதியமே கிளம்பிவிட்டார்கள். சந்தையில் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஒரு பக்கக் கணக்குத் தாளுக்கு மாதிரி ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். கேட்கும் சங்கத்துக்கெல்லாம் இலவசமாகத் தருகிறோம். தைப்பூசத்துக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொண்டால், பத்துமலையில் நிற்கப்போகும் உங்கள் தொண்டூழியர்கள் கையோடு எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
உண்டியலோடு நிற்கும் ஒரு தொண்டூழியன்
கோலாலம்பூர்